ஒற்றைக் கையுடன் உழைத்த உயிர்வேதியியலறிஞர் ஜேம்ஸ் சம்னர்

கல்லூரியில் உயிர்வேதியியல் பயிலும் மாணவர் பலரும் தொடக்க நிலையிலேயே ஒரு சோதனையைச் செய்து பழகுவர். குளுக்கோஸ் கரைசலுடன் மஞ்சள் நிறமுள்ள ஒரு வினைப்பொருளைச் சேர்த்துக் கொதிநீரில் வைப்பர். மஞ்சள் மாறிச் செம்பழுப்பு தோன்றும். நிறம் எவ்வளவு அடர்ந்திருக்கிறதோ அவ்வளவு சர்க்கரை உண்டு எனக் கணக்கிடுவர். டைநைட்ரோ சாலிசிலிக் அமிலத்தைக் கொண்டு செய்யப்படும் இம்முறையை, சிறுநீரிலுள்ள சர்க்கரையை அளப்பதற்காக 1921ஆம் ஆண்டில் வகுத்தளித்தவர் ஜேம்ஸ் பேட்ச்செல்லர் சம்னர் என்னும் அமெரிக்க அறிஞர் ஆவார். சோதனையைச் செய்யும் மாணவருள் அவர் பெயரை அறிந்தோர் சிலரே. அவர் அச்சோதனையையும், அதனினும் பன்மடங்கு பெரிய தம் ஆராய்ச்சிகள் அனைத்தையும் ஒரே கையைக் கொண்டு செய்தார் என்பதை அறிந்தோர் அவரினும் சிலர். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவருடைய வாழ்க்கையை எழுத முற்பட்டமைக்கு அதுவே காரணம்.

சம்னர் 1887ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கேண்டன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் வறுமையறியாத குடும்பம். முன்னோர் பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பாட்டனாருக்குப் பண்ணையும் பருத்தித் தொழிற்சாலையும் இருந்தன. தந்தையாருக்குப் பரந்த நிலவுடைமை இருந்தது. இதனை முதலிலேயே சொல்லிவிடுதல் நேர்மை. பசியோடு பள்ளிக்குச் சென்றவர் அல்லர் சம்னர். பள்ளியின் கதவு அவர் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டதுமில்லை. அவர் சந்தித்த தடை வேறு வகையானது. அது அவருடைய பதினேழாம் வயதில் வந்தது.

இளமையில் அவருக்குத் துப்பாக்கியிலும் வேட்டையிலும் மிகுந்த விருப்பம். பள்ளிப் பாடங்களுள் இயற்பியலும் வேதியியலும் தவிர மற்றவை அவருக்குச் சலிப்பையே தந்தன. ஒரு நாள் காட்டுப்பறவை வேட்டைக்குச் சென்றபொழுது உடன் வந்தவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, குண்டு சம்னரின் இடக்கையைத் தாக்கியது. முழங்கைக்குச் சற்றுக் கீழே கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அவரோ பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உடையவர். எழுதிய கை, எறிந்த கை, உணவெடுத்த கை எல்லாம் அதுவே. ஆதலால் இழந்தது ஒரு கை என்றாலும், எஞ்சிய கைக்கும் எழுத்து முதல் எல்லாவற்றையும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருந்தது. அவர் கற்பித்தார். அத்துடன் நில்லாமல் டென்னிஸ், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் போன்ற விளையாட்டுகளிலும் தேர்ச்சி பெற்றார்.

1906இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தவர் விரைவிலேயே வேதியியலுக்கு மாறி, 1910இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சில காலம் உறவினரின் நெசவாலையில் பணி. கனடாவில் ஒரு கல்லூரியில் சிறிது காலம் ஆசிரியப் பணி. வூஸ்டர் நகரிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் வேதியியல் உதவியாளர் பணி. இவை எதிலும் அவர் நிலைக்கவில்லை. 1912இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக்குச் சென்று, ஆட்டோ ஃபோலின் என்னும் பேராசிரியரிடம் உயிர்வேதியியல் ஆராய்ச்சி செய்ய விழைந்தார்.

ஃபோலின் அந்நாளில் பெரும்புகழ் பெற்றவர். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொருள்களை நிறங்காட்டும் வினைகளால் அளக்கும் முறைகளை வகுத்தவர். அவர் சம்னரைக் கண்டதும், ஒரு கை உடையவரால் வேதியியலில் வெற்றி பெற இயலாது என்றும், சட்டம் பயிலச் செல்லுதல் நன்று என்றும் அறிவுரை கூறினார். இதில் வன்மம் ஏதும் இருந்ததாகத் தோன்றவில்லை. குடுவையை ஒரு கையில் பிடித்து மறு கையால் துளித்துளியாக ஊற்றுவதும், வடிதாளை மடித்து வைப்பதும், கண்ணாடிக் குழாயைத் தீயில் வளைப்பதும் இரு கை வேலைகள் என்று எண்ணியவரின் நல்லெண்ண அறிவுரையே அது. ஆனால் நல்லெண்ணத்துடன் கூறப்படும் இத்தகைய அறிவுரையால் வாழ்வு திசைமாறியோர் தொகை, பகைவரால் தடுக்கப்பட்டோர் தொகைக்குக் குறைந்ததன்று என்பது இக்கட்டுரையாளனின் எண்ணம். இந்தப் பாடம் உனக்கு வராது, வேறொன்றை எடுத்துக்கொள் என்று அன்போடு சொல்லப்பட்டு, அதனை நம்பித் திரும்பிய மாணவர் நம்மிடையிலும் உண்டு.

சம்னர் திரும்பவில்லை. வாதிடவும் இல்லை. ஃபோலினின் ஆய்வகத்திலேயே தங்கி வேலை செய்தார். உடலில் யூரியா உண்டாகும் விதம் பற்றிய ஆய்வுரையை எழுதி, 1914ஆம் ஆண்டு ஜூன் மாதம் முனைவர் பட்டம் பெற்றார். அனுமதி மறுத்து அனுப்பிவிடாமல் தம் ஆய்வகத்தில் இடமளித்த ஃபோலினுக்கும் இதில் பங்குண்டு என்று கூறுதல் வேண்டும்.

அக்கோடையில் சம்னர் ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்தபொழுது முதல் உலகப் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு மாத காலம் அவர் சுவிட்சர்லாந்தில் அகப்பட்டுக்கொண்டார். அங்கிருக்கும்பொழுதுதான் நியூயார்க் மாநிலத்திலுள்ள இத்தாக்கா நகரின் கார்னெல் மருத்துவக் கல்லூரிப் பிரிவில் உயிர்வேதியியல் துணைப் பேராசிரியர் பதவி தருவதாகத் தந்தி வந்தது. அப்பதவியில் அவர் பதினைந்து ஆண்டுகள் இருந்தார். கற்பிக்கும் சுமை மிகுதி, கருவிகள் குறைவு, உதவியாளருக்குக் கொடுக்கப் பணம் அதனினும் குறைவு. ஓய்வாகக் கிடைத்த நேரம் கொஞ்சமே. அந்தக் கொஞ்ச நேரத்தில் சிறிய ஆய்வுகள் பலவற்றைச் செய்வதைவிட, பெரியதொன்றில் கை வைத்துப் பார்ப்பது என்று அவர் முடிவு செய்தார். 1917இல் அவர் மேற்கொண்ட அம்முயற்சி, ஒரு நொதியைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது.

இவ்விடத்தில் நொதி என்றால் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். மாவு புளிப்பதும், பால் தயிராவதும், உண்ட சோறு செரிப்பதும் வேதி வினைகள். இவ்வினைகள் தாமாக நடக்க நெடுங்காலம் பிடிக்கும். உயிர்களிடத்தில் அவை நொடியில் நடைபெறுகின்றன. அவ்வாறு விரைவுபடுத்தி, தாம் தீர்ந்துபோகாமல் மீண்டும் மீண்டும் அதே பணியைச் செய்யும் பொருள்களே நொதிகள். ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வேலை. யூரியேஸ் என்னும் நொதியின் வேலை யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைப்பது. மாட்டுத் தொழுவத்தில் விடியற்காலையில் மூக்கைத் துளைக்கும் நெடி எதனால் வருகிறது? மாட்டின் சிறுநீரில் அந்த நெடி இல்லை. அதிலுள்ள யூரியாவை மண்ணிலும் சாணத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் தம் யூரியேஸைக் கொண்டு உடைப்பதால் எழும் அம்மோனியாவே அந்த நெடி. வயலில் மேலாகத் தூவிய யூரியா உரத்தில் ஒரு பகுதி காற்றில் கலந்து வீணாவதும் இதே நொதியினால்தான்.

சம்னர் தொடங்கிய காலத்தில் நொதிகள் வேலை செய்வது எல்லோருக்கும் தெரியும். அவை எப்பொருளால் ஆனவை என்பது எவருக்கும் தெரியாது. 1897இல் எடுவர்டு பூக்னர் என்பவர், ஈஸ்ட்டை நசுக்கிப் பிழிந்த சாறு, உயிரணு இல்லாமலே சர்க்கரையைப் புளிக்க வைக்கும் எனக் காட்டியிருந்தார். அச்சாற்றில் வினை செய்யும் பொருள் யாது? புரதமா, வேறொன்றா? அதனைப் பிரித்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தவர் எவருமில்லை. முயன்றவர் எல்லோரும் தோற்றனர். சம்னரின் உடனாசிரியருள் பலரும் இதனை வீண்வேலை என்றே கருதினர்.

அவர் தேர்ந்தெடுத்த பொருள் ஜாக் பீன் என்னும் ஒருவகை அவரைக் கொட்டை. நம் ஊர் வேலிகளில் படரும் வாளவரைக்கு நெருங்கிய இனம் அது. பருத்த வெண்ணிறக் கொட்டை. அதில் யூரியேஸ் மிகுதியாக உண்டு என்பது அப்பொழுதே தெரிந்திருந்தது. யூரியா பற்றி ஆய்வுரை எழுதிய சம்னருக்கு யூரியாவை அளக்கும் முறைகள் அத்துபடி. மூலப்பொருள் மலிவு, நொதி மிகுதி, அளக்கும் முறை எளிது. இம்மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், அவருடைய துணிவு கண்மூடித் துணிவன்று என்பது விளங்கும். குறைந்த பணத்தில் செய்யக்கூடிய பெரிய வேலையை அவர் தேடிக் கண்டுபிடித்தார்.

கொட்டையை மாவாக்கி, நீரிலும் நீர் கலந்த ஆல்கஹாலிலும் ஊறவைத்து, வடித்து, குளிர்வித்து, படிவதை எடுத்துச் சோதிப்பார். ஆய்வகத்தில் பனிப்பெட்டிகூட இல்லாத நாளில், சாறு நிறைந்த கண்ணாடி உருளைகளைச் சன்னலின் வெளித்திண்டில் வரிசையாக வைத்துவிட்டு, இரவில் நல்ல குளிர் அடிக்க வேண்டும் என்று ஏங்கிக் காத்திருந்தார். அவ்வாறு உழைத்தபொழுது ஜாக் பீனிலிருந்து வேறு புரதங்கள் சில கிடைத்தன. கன்கானவலின் என்று பெயரிட்டு அவற்றை 1919இல் வெளியிட்டார். யூரியேஸ் மட்டும் பிடிபடவில்லை.

1921இல் பெல்ஜியம் நாட்டுக்குச் செல்ல ஓர் உதவித்தொகை கிடைத்தது. பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜான் எஃப்ரான் என்னும் நொதியியல் வல்லுநரிடம் இருந்து வேலை செய்யலாம் என்பது திட்டம். எஃப்ரானோ யூரியேஸைப் பிரித்தெடுக்கும் எண்ணமே நகைப்புக்குரியது என்று கருதினார். அத்திட்டம் கைகூடவில்லை. முதலில் ஆசிரியர், பின்னர் உடனாசிரியர், இப்பொழுது துறை வல்லுநர் என இவ்வளவு பேர் கைவிடச் சொல்லியும், சம்னர் தம் அவரைக் கொட்டைகளிடமே திரும்பி வந்தார்.

1926ஆம் ஆண்டில் சம்னர் ஆல்கஹாலை விடுத்து அசிட்டோனைப் பயன்படுத்திப் பார்த்தார். நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக அசிட்டோன் கலந்த நீரில் ஜாக் பீன் மாவைக் கலக்கி, வடிதாளில் தானாக வடியவிட்டு, வடிநீரைக் குளிரில் இரவு முழுவதும் வைத்தார். மறுநாள் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தபொழுது, அதற்கு முன் அவர் கண்டிராத மிகச் சிறிய படிகங்கள் தென்பட்டன. எட்டு முகங்கள் கொண்ட, ஒழுங்கான வடிவுடைய படிகங்கள். அவற்றைச் சுழற்றுப் பொறியால் பிரித்தெடுத்து நீரில் கரைத்தார். அக்கரைசல் புரதத்துக்குரிய எல்லாச் சோதனைகளுக்கும் உடன்பட்டது. யூரியாவுடன் சேர்த்ததும் அதனை மிகக் கடுமையாக உடைத்தது. சம்னர் தொலைபேசியை எடுத்து, உலகில் முதன்முதலாக ஒரு நொதியைப் படிகமாக்கிவிட்டதை மனைவியாருக்குத் தெரிவித்தார். ஒன்பது ஆண்டு உழைப்பு அது. செய்முறையோ ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். மாணவர் ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய அளவுக்கு எளிது.

நொதி என்பது புரதமே என அவர் அதே ஆண்டில் கட்டுரை வெளியிட்டார். உலகம் கைகொட்டி வரவேற்றிருக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது அதுவன்று. பெரும்பாலோர் நம்பவில்லை, பலர் கண்டுகொள்ளவே இல்லை.

நம்பாதவருள் முதல்வர் ஜெர்மனியின் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர். இலைப் பச்சையத்தை ஆராய்ந்து 1915ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்ற மாமேதை. அவரும் அவர் மாணவரும் பெராக்சிடேஸ் என்னும் நொதியைப் படிப்படியாகத் தூய்மை செய்துகொண்டே சென்று, இறுதியில் நொதியின் வீரியம் இருக்கிறது, புரதத்தின் சுவடு இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தனர். ஆகவே நொதி என்பது ஏதோ ஒரு சிறிய பொருள்; புரதம் அதனைச் சுமக்கும் வாகனம் மட்டுமே என்பது அவர்கள் கொள்கை. சம்னர் படிகமாக்கியது வாகனத்தையே, அதன்மேல் யூரியேஸ் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்றனர்.

வில்ஸ்டேட்டரை இக்கதையின் பகைவராக நம் இளைஞர்கள் எண்ணிவிடலாகாது. அவர் யூதர். மியூனிக் பல்கலைக்கழகத்தில் தகுதிமிக்க ஓர் அறிஞருக்கு யூதர் என்ற காரணத்தால் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டபொழுது, அதனைக் கண்டித்து 1924இல் தம்முடைய பதவியையே துறந்தவர் அவர். பின்னர் நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி 1939இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்று, 1942இல் அங்கேயே மறைந்தார். அத்தகைய நேர்மையாளரும் தவறான முடிவுக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய அளவுகோல். பெராக்சிடேஸ் மிக நுண்ணிய அளவிலேயே வேலை செய்யவல்லது. வினை தெரியும் அளவுக்கு நொதி இருந்தது. அந்நாளைய புரதச் சோதனையில் தெரியும் அளவுக்கு அது இல்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை இல்லை என்று கொண்டுவிட்டார். சம்னர் யூரியேஸ் மிகுந்த அவரைக் கொட்டையைத் தேர்ந்தது எத்தகைய நற்பேறு என்பது இங்கே புலனாகும்.

சம்னர் விடை சொல்லிக்கொண்டே இருந்தார். படிகத்தைக் கரைத்து மீண்டும் படிகமாக்கினாலும் வீரியம் குறையவில்லை. வெப்பத்தாலோ அமிலத்தாலோ புரதத்தைச் சிதைத்தால் வீரியமும் அத்துடன் அழிந்தது. பின்னர் விலங்குகளுக்கு யூரியேஸை மிகச் சிறிய அளவில் ஊசிமூலம் செலுத்தி, அவற்றின் குருதியில் யூரியேஸுக்கு எதிரான பொருள் உண்டாவதைக் காட்டினார். யூரியேஸ் குருதியில் சேர்ந்தால் அங்குள்ள யூரியாவை அம்மோனியாவாக்கி விலங்கைக் கொன்றுவிடும். எதிர்ப்பொருள் பெற்ற விலங்குகளோ, கொல்லும் அளவு செலுத்தியும் பிழைத்தன. 1929இல் அவர் ஸ்வீடன் சென்று, ஸ்டாக்ஹோமில் ஆயிலர் கெல்ப்பினின் ஆய்வகத்தில் சில மாதங்கள் தங்கி வேலை செய்தார். அவ்வாண்டில்தான் கார்னெலில் முழுப் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. உலகின் முதல் நொதிப் படிகத்தைக் கண்ட பின்னும் மூன்றாண்டுகள் அவர் துணைப் பேராசிரியராகவே இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிலைமை மாறியது 1930இல். ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் நார்த்ராப், இரைப்பையில் சுரக்கும் பெப்சின் என்னும் நொதியைப் படிகமாக்கினார். தொடர்ந்து டிரிப்சின் முதலியவையும் அவருடைய ஆய்வகத்தில் படிகமாயின. எல்லாம் புரதங்களே. நார்த்ராப்பிடம் நல்ல கருவிகளும் போதிய பணமும் இருந்தன. சான்றுகளை அவர் அடுக்கடுக்காகத் தந்தார். சம்னர் தனியராய் நின்று சொன்னதை இப்பொழுது உலகம் கேட்டது. வென்டல் ஸ்டான்லி என்பவர் 1935இல் புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸையே படிகமாக்கிக் காட்டினார்.

சம்னரின் பிற்கால ஆய்வுகளில் உலோகங்கள் இடம்பெறத் தொடங்கின. 1936இல் அவரும் ஸ்டேசி ஹவல் என்பவரும், தாம் முன்னரே ஜாக் பீனிலிருந்து எடுத்திருந்த கன்கானவலின்-ஏ என்னும் புரதம் குருதியின் சிவப்பணுக்களைத் திரட்டி ஒட்டவைக்கும் எனக் கண்டனர். அமிலத்தில் அத்திறன் மங்குவதையும், சில உலோகங்களின் உப்பைச் சேர்த்தால் மீண்டும் தோன்றுவதையும் அவர்கள் அறிந்தனர். அப்புரதம் வேலை செய்ய மாங்கனீசும் கால்சியமும் வேண்டும் என்பது பின்னர் உறுதியாயிற்று.

அடுத்த ஆண்டில், அலெக்சாண்டர் டவுன்ஸ் என்பவருடன் சேர்ந்து, மாட்டின் ஈரலிலிருந்து கேட்டலேஸ் என்னும் நொதியைப் படிகமாக்கினார். இது இரும்பைக் கொண்ட நொதி. உயிரணுக்களில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் நச்சுப்பொருள் ஓயாமல் உண்டாகிறது. அதனை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துத் தீங்கின்றிச் செய்வது கேட்டலேஸ். புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு மருந்தை ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறதே, அந்த நுரை கேட்டலேஸின் வேலை. ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பணுக்கள்; குருதிச் சிவப்பில் இருப்பது போன்ற ஹீம் என்னும் வளையத்துள் அவை அமைந்துள்ளன. ஏறத்தாழ இரண்டரை லட்சம் எடையுள்ள மூலக்கூறில் வேலை செய்யும் இடம் அந்த நான்கு அணுக்களே. ஆயினும் புரதத்தை விட்டுப் பிரித்தால் அந்த இரும்பு இவ்வளவு விரைவாக ஒன்றும் செய்யாது. வில்ஸ்டேட்டர் சிறிய பொருளைத் தேடினார். சம்னர் புரதத்தைப் பற்றி நின்றார். இரும்பு நொதிகளைப் பொறுத்தவரை இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது எனலாம். வில்ஸ்டேட்டரைத் திசைதிருப்பிய பெராக்சிடேஸும் 1940களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஹ்யூகோ தியோரெல் கையில் படிகமாகி, இரும்பைக் கொண்ட புரதமே எனத் தெளிவாயிற்று.

1937இல் சம்னருக்குக் குகன்ஹைம் உதவித்தொகை கிடைத்தது. அதன் வழியே உப்சாலா நகரில் ஸ்வெட்பெர்க் என்பாருடன் சில வாரங்கள் பணிபுரிந்தார். அங்கே அதிவேகச் சுழற்றுப் பொறியைக் கொண்டு யூரியேஸ் மூலக்கூறின் எடை 4,83,000 எனக் கணக்கிடப்பட்டது. ஸ்டாக்ஹோமில் ஷீலே பதக்கமும் அதே ஆண்டில் அளிக்கப்பட்டது. சாமர்ஸ் என்பவருடன் எழுதிய நொதியியல் நூல் 1943இல் வெளிவந்தது.

1946ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசில் பாதி சம்னருக்கும், மறுபாதி நார்த்ராப், ஸ்டான்லி இருவருக்குமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. படிகம் கண்ட ஆண்டிலிருந்து இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அறிஞர் உலகம் தம் தவறுக்குச் செலுத்திய வட்டி சற்று அதிகம்தான். 1947இல் கார்னெலில் நொதி வேதியியல் ஆய்வகம் அமைக்கப்பட்டு அவர் அதன் இயக்குநரானார். 1948இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

1955இல் ஓய்வு பெறும் வேளையிலும் ஓய்ந்திருக்க அவர் எண்ணவில்லை. பிரேசில் நாட்டின் பெலோ ஹொரிசாண்டே நகரிலுள்ள மருத்துவக் கல்லூரியில் நொதி ஆராய்ச்சியைத் தொடங்கிவைக்கப் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். மே மாதம் கடும் வலியுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபொழுது புற்றுநோய் எனத் தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பஃபலோ நகரில் காலமானார். அகவை அறுபத்தேழு.

யூரியேஸின் கதை அவரோடு முடியவில்லை. சம்னர் அதனைப் புரதம் மட்டுமே என்று கருதியே மறைந்தார். அதில் உலோகம் இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1975இல், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பர்ட் செர்னர் குழுவினர் அதே ஜாக் பீன் யூரியேஸைத் தூய்மையாக்கி ஆராய்ந்தபொழுது அதில் நிக்கல் இருக்கக் கண்டனர். நாணயத்திலும் பாத்திரத்திலும் கலக்கும் அதே நிக்கல். அதுவரை எந்த நொதியிலும் நிக்கல் காணப்பட்டதில்லை. இத்தனை ஆண்டுகள் அது தப்பியது எவ்வாறு? யூரியேஸ் மூலக்கூறு ஆறு துணைக்கூறுகளால் ஆனது, ஒவ்வொன்றிலும் இரண்டு நிக்கல் அணுக்கள், ஆகப் பன்னிரண்டு. இப்பொழுது கணக்கிடப்படும் ஐந்தரை லட்சத்தை ஒட்டிய மொத்த எடையில் அவற்றின் எடை ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தேடாதவர் கண்ணில் படாத அளவு. சம்னர் 1926இல் சன்னலொளியில் பார்த்த ஒவ்வொரு படிகத்திலும் அந்த நிக்கல் இருந்தது.

இரண்டு நிக்கல் அணுக்களும் அருகருகே அமர்ந்து, ஒன்று யூரியாவைப் பற்றிக்கொள்ள, அவற்றினிடையே இணைந்திருக்கும் நீரின் பகுதி யூரியாவைத் தாக்கி உடைக்கிறது. தனியே நீரில் விட்டால் ஆண்டுக்கணக்கில் உடையாத யூரியா இங்கே கணத்தில் உடைகிறது. இந்த அறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் என்னும் நுண்ணுயிர், இரைப்பையின் கொடிய அமிலத்தில் பிழைத்திருப்பது நிக்கல் கொண்ட யூரியேஸால் அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொள்வதால்தான். அந்நோயாளிக்குக் குறியிட்ட யூரியாவை அருந்தக் கொடுத்து, மூச்சில் வரும் கரியமில வாயுவைச் சோதித்து நோயறியும் முறையும் இதன் பயனே. சிறுநீரக நோயாளியின் குருதியில் யூரியாவை அளக்க மருத்துவமனைகளில் பயன்படும் நொதியும் யூரியேஸே.

சம்னர் கண்ட அந்தப் படிகத்தினுள் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பது மட்டும் நெடுங்காலம் தெரியாமலிருந்தது. நுண்ணுயிர் ஒன்றின் யூரியேஸ் அமைப்பு 1995இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. ஜாக் பீன் யூரியேஸ் அப்பொழுதும் பிடிகொடுக்கவில்லை. 2010இல் அதன் முழு அமைப்பும் வெளியாயிற்று. எக்ஸ் கதிர்களைப் படிகத்தில் செலுத்தி ஒவ்வோர் அணுவின் இடத்தையும், பன்னிரண்டு நிக்கல்களின் இருப்பையும் வரைந்து காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் உருவாக்கிய மரபில் வந்த படிகவியல், உயிரியற்பியல் துறையின் ஆய்வாளர் இருவர். இத்தாக்காவில் முதல் படிகம் தோன்றியதிலிருந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. அவர்களும் தொடங்கியது ஜாக் பீன் கொட்டையிலிருந்துதான்.